தங்கச்சியின் கொம்பனி

சண்டை முடிந்த பிறகு வாவிக்கு அக்கரையில் ஒரு பெரிய கொம்பனி ஆடைத் தொழிற்சாலை திறந்தது. வேலை கேட்டு நானும் தங்கச்சியும் ஒன்றாகத்தான் போனோம். அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கக் காட்டிக் கொடுத்ததே நான்தான். அவளை எடுத்தார்கள். எனக்கு வயது கூடிப்போயிற்றாம். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு.

எங்கள் பக்க வழக்கப்படி அம்மா வளவைப் பெண்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிரித்து, ஆளுக்கொரு வீடு தந்திருந்தாள். நடுவில் வேலி இல்லை. அதனால் அவளுடைய சொகுசெல்லாம் என் கண்ணில்தான் வந்து விழும். விடியவே ஒழுங்கை முகப்பில் கொம்பனி பஸ் ஹார்ன் அடிக்கும். காய்ச்சல் வந்தால் அவளுக்குக் கொம்பனி டொக்டர், எனக்குக் கொத்தமல்லித் தண்ணீர். சித்திரை வருஷத்துக்கு அவளுக்குப் போனஸ். வீட்டில் மிஷின் வைத்துத் தைக்கிற எனக்கோ ஊரில் உள்ள எல்லாருடைய அவசரச் சட்டையும்.

அவளும் அழாமல் இல்லை.

"நாள் முழுக்க இடது கைப்பட்டி மட்டுந்தான் அக்கா. முழுச்சட்டை எப்பிடி இருக்கும் எண்டே தெரியா. எழும்பி ஒண்டுக்குப் போகவும் ஏலா, சூப்பர்வைசர் மூஞ்சிய நீட்டுறா."

"ஐயோ பாவம்" என்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துவிடும்.

அவள் கல்யாணம் கட்டினாள். புருஷன் கட்டாருக்குப் போனான். ஒரு மகள் பிறந்தாள். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு அவள் திரும்பவும் பஸ் ஏறினாள். இதற்கெல்லாம் முன்னால், சுனாமியில் கடல் வந்த வருஷம் என் பிள்ளை போனது. அதற்குப் பிறகு என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அதனால் அந்தக் கொம்பனியோடு எனக்கு ஒரு விசயத்தில் மட்டும் சமாதானம் வந்தது. ஓ.டி. என்று மேலதிக நேர வேலை கூடக்கூட அவள் களைத்தாள், பிள்ளை என் மடியில் தூங்கினாள். ஓ.டி. இல்லாத நாளில்தான் எனக்கு முகம் கறுக்கும்.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் திறக்கிற கதவு. ஓடர் ஒன்று கப்பலுக்குப் போக வேண்டுமென்று தங்கச்சிக்கு லீவு கிடைக்கவில்லை. குளிர்த்திச் சடங்குக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் போனேன். வாகரையிலிருந்து வந்திருந்த ஒரு மனிசி கன்னத்தைக் கிள்ளி, "ஆர்ர பிள்ளகா இது, உங்கட மகளா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். அம்மனுக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன். நாக்குக் கூசவில்லை.

அடுத்த மாதம் தங்கச்சி ஒழுங்கையால் ஓடி வந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

"அக்கா, கொம்பனியில டே கெயார் திறக்கிறாங்க! பிள்ளையை பஸ்ஸிலயே கூட்டிப் போகலாம். பால், சாப்பாடு எல்லாம் அவங்கட. பாவம், இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

நல்லது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? டொக்டரைக் கொடுத்தார்கள், போனஸ் கொடுத்தார்கள். இதையும் கொடுத்துத் தொலைக்க வேண்டுமா?

திங்கட்கிழமை பஸ்ஸடிக்கு நானும் போனேன். முதல் நாள் எந்தப் பிள்ளையும் கத்தும், காலைப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கத்தினால் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கையைத் தயாராக வைத்திருந்தேன்.

பிள்ளை சிரித்துக்கொண்டே ஏறினாள்.