ஐம்பத்தொரு பங்கு ஜமீன்

வக்கீலின் கார் டிரைவருக்கு நானூறு ஏக்கர் நஞ்சை இருந்தது. அதைச் சுற்றிவரப் புறப்பட்ட காகம் நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி மூச்சு வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் குடியிருந்ததோ மழை வந்தால் ஒரே ஒரு மூலை மட்டும் நனையாத வாடகை அறையில்.

எப்படி என்றால், சட்டம் அப்படி. வெளிநாட்டார் விவசாய நிலம் வாங்கக் கூடாது. பாதிக்கு மேல் பங்கு உள்நாட்டுக்காரர் கையில் உள்ள கம்பெனி வாங்கலாம். கடல்கடந்த முதலாளிகள் வக்கீலைத் தேடி வந்தார்கள். வக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தார். கார் துடைத்துக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டார். நூற்றில் ஐம்பத்தொரு பங்கு அவர் பேரில் ஏறியது, இயக்குநர் பதவியோடு. சம்பளம் மட்டும் அசையவில்லை. ஆபீஸ் முழுக்க அவரை ‘ஜமீன்’ ஆக்கிவிட்டார்கள். ஜமீன் டீ வாங்கிவந்தார்; ஜமீன் டயருக்குக் காற்றடித்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் வக்கீல் மஞ்சள் சீட்டு ஒட்டித் தருவார். இவர் காகிதங்களை பானட் மேல் வைத்துப் படபடவென்று போட்டுத் தள்ளுவார். படித்துக்கொண்டிருந்தால் வக்கீலின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் அழைத்துவருவது?

ஒரு காலையில் அவருடைய அண்ணன் வந்து நின்றார். இருபத்திரண்டு வருடமாக மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிறவர். கிணறு அவர் வெட்டியது, நிலத்தோரத்து வீடு அவர் கட்டியது. நிலத்துக்காரர் கம்பெனிக்கு விற்றுவிட்டார். முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். கீழே இயக்குநரின் கையெழுத்து.

“இது உன் கையெழுத்துதானடா?”

டிரைவர் அந்தத் தாளை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தார்.

“நான் பாத்துக்கறேண்ணே. ஓனரே நான்தானே.”

சொன்னபோது அவருக்கே அது நிஜம்போல இருந்தது.

வக்கீல் எதிரில் அன்றுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணனின் மூன்று ஏக்கரை விட்டுவிடலாம், பெரிய பங்கு என்னுடையது என்றார். வக்கீல் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்று ராஜினாமா, இன்னொன்று பங்குகளை மாற்றித் தரும் பத்திரம். இரண்டிலும் இவர் கையெழுத்து இருந்தது. தேதி மட்டும் எழுதாமல் கிடந்தது.

“நோட்டீஸ் எப்படியும் செல்லும்பா. தேதிய இன்னிக்கே போடட்டுமா, நீயே சொல்லு.”

“போட்டுக்கங்க சார்.”

அவர் ஜமீன்தாராக நடந்துகொண்டது அந்த ஒரு நிமிடம்தான். மத்தியானத்துக்குள் நானூறு ஏக்கரும் ஆபீஸ் வாட்ச்மேன் பேருக்குப் போயிற்று, கார் சாவி வேறொருவர் கைக்குப் போயிற்று.

அண்ணனிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். நிலம் ஒரு நாளும் என்னுடையதாக இருந்ததில்லை, வெறும் பேர்தான் என்றார். அண்ணி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அண்ணன் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“நானூறு ஏக்கர்டா. அதுல மூணு குடுக்க உனக்கு மனசு வரல. அதச் சொல்லிட்டுப் போ. சட்டத்த எதுக்கு இழுக்கற?”

அவர்கள் காலி செய்த அன்று டிரைவர் மூட்டை தூக்கப் போனார். ஒன்றைக்கூடத் தொட விடவில்லை.