நம்ம பக்கத்து மலை

அவருடைய வேலை தெருவுக்கு அடியில். குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். ஆள் உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் இறக்கித் திருகி ஒரு தெருவுக்குத் தண்ணீர் விடுவார். பிறகு அதை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. "வால்வு வந்தாரா?" என்றுதான் விசாரிப்பார்கள், அதுவும் தண்ணீர் வராத அன்று. இருபது வருஷத்துக்கு மேலாக அவர் செய்த எதையும் யாரும் நின்று பார்த்ததில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனாலும் ஒருமுறையாவது யாராவது பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதை வெளியே சொன்னதில்லை.

ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பொம்மைக் கட்டைகள் வீட்டுக்குள் வந்தது மகளால். பிறந்தநாளுக்கு வந்த தீயணைப்பு நிலைய செட்டை அவள் ஒரே மூச்சில் கட்டி, "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எப்படி முடிந்தது என்று அவருக்குப் புரியவில்லை. தீயணைப்பு வண்டி வெளியே வந்தால் போக ஒரு சாலை வேண்டாமா? சாலை போட்டார். சாலை எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே என்று ரயில் நிலையம் வாங்கினார். பிறகு ஆஸ்பத்திரி. மகள் வளர்ந்து வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் கட்டிலில் ஊர் குடியேறியது. லீவுக்கு வரும்போது அவள் கூடத்தில்தான் படுக்கிறாள்.

இதே பைத்தியம் இன்னொருவருக்கும் உண்டு. மனைவியின் தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரிடம் ஒரு கோட்டை, ஒரு பாய்மரக் கப்பல், ஒரு ராக்கெட் தளம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. பிடித்தது, வாங்கினேன் என்பார்.

ஒரு சமயம் கண்ணாடி போன்ற நீலக் கட்டை ஒன்று காணாமல் போய், அது யாருடையது என்று இருவருக்கும் பேச்சு தடித்தது. "என்னுது மாமா." "உன்னுதுன்னு அதுல எழுதியிருக்கா?" மைத்துனர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், ரொம்ப நாள் வரவில்லை. மனைவிதான் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ரெண்டு பேருக்கும் ஏழு கழுதை வயசாச்சு. இனிமே இந்த வீட்டுல என்னுது உன்னுதுங்கிற பேச்சே வரக் கூடாது. நம்மளுதுன்னு சொல்லிப் பழகுங்க."

பழகினார்கள். தவறெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், விடுமுறை முழுக்க நடு மேசையில் பிள்ளைகள் பார்க்கும்படி யார் வேண்டுமானாலும் ஏதாவது கட்டி வைக்கலாம் என்று அறிவித்தார். மாமனும் மைத்துனரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே போய்க் கேட்டார்கள். அந்த அம்மாள் இருவரையும் ஒன்றாக வரச் சொன்னார்.

"மேசை ஒண்ணுதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஊரா பண்ணுங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கடை விரிச்ச மாதிரி இருக்கக் கூடாது. ஒட்டலைன்னா ஒண்ணைத்தான் வைப்பேன்."

எந்த ஒன்று என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆஸ்பத்திரியையும் ராக்கெட்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்பது வால்வுக்காரருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆலோசனை நடந்தது.

"கோட்டை, ராக்கெட், ஆஸ்பத்திரி. இதை எப்படி மாமா ஒரே ஊராக்கறது?"

"ஆறு விடுவோம். ஆறு ஓடுச்சுன்னா எல்லாம் ஒரே ஊர்தான்."

"ராஜாவுக்கும் ராக்கெட்காரனுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேரும் குளிக்கணும்ல?"

மைத்துனருக்கு இது சரியாகப் பட்டது. ஆளுக்கொரு பலகையில் கட்டுவது, நூலகத்தில் கொண்டுபோய் நீளவாக்கில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. ஆற்றின் அகலத்தைக் கட்டைகளை அடுக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள்.

"அப்ப மலை?" என்றார் மைத்துனர்.

"மலை நம்ம பக்கம் இருக்கட்டும்."

"நானும் அதைத்தான் நெனச்சேன். நம்ம பக்கமே இருக்கட்டும். கடல்?"

"அந்தப் பக்கம்."

"ரொம்ப சந்தோஷம் மாமா."

நம்ம என்பது தாராளமான சொல். "நம்ம பையன் பாஸாயிட்டான்" என்றால் சொல்பவருடைய பையன். "நமக்கு எந்த ஊரு?" என்றால் கேட்கப்படுகிறவருடைய ஊர். சொன்னவர் தன் பக்கத்தை நினைத்துச் சொன்னார். கேட்டவர், மாமா மரியாதையாக மலையைத் தனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். சந்தேகம் வந்திருந்தாலும் அதைத் தீர்க்கத் தேவையான இரண்டு சொற்கள் அந்த வீட்டில் தடை செய்யப்பட்டிருந்தன.

வால்வுக்காரர் வேலையை அனுபவித்துச் செய்தார். பலகையின் ஓரத்தில் சாம்பல் நிற மலை. மேசை விளிம்பில் வரப்போவது என்பதால் அதன் முதுகைச் சுவர்போல மட்டமாக விட்டார். மலையைக் குடைந்து ஒரு ரயில் சுரங்கம். ரயிலின் முன்பாதி உள்ளே, பின்பாதி வெளியே. ஆற்றுக்குச் சாணுக்குச் சாண் சிறிது இறக்கம் கொடுத்தார். தன் பலகை முடியும் இடத்தில் ஆற்றை மிகத் தாழ்வாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கப்புறம் கடல், அது மைத்துனரின் பாடு. அழகு என்று சொல்லிவிட முடியாது. பிழை இல்லாமல் இருந்தது.

திறப்புக்கு முந்தைய சாயங்காலம் இரண்டு பலகைகளும் நூலகத்தில் இறங்கின. துணியை விலக்கி, மேசையில் வைத்து நெருக்கினார்கள். இரண்டு ஆறுகளும் நடுவில் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் பொருந்தின.

மைத்துனர் கப்பலைக் கைக்குழந்தைபோல ஏந்தியபடி மேசையைச் சுற்றி வந்தார்.

"மாமா, கடல் எங்க?"

"நீதானே கட்டற?"

"நானா? மலை நம்ம பக்கம்னு சொன்னீங்களே!"

"ஆமா, நம்ம பக்கம்தான். இதோ இருக்குல்ல."

"நம்ம பக்கம்னா இதோ இதுதானே?" என்று அவர் தன் மலையைக் காட்டினார். பழுப்பு நிறம், உச்சியில் கோட்டை, அதற்கும் முதுகு மட்டம்.

கூட வந்திருந்த மனைவி, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மேசையின் இரு முனையிலும் மலை. இரண்டிலிருந்தும் ஆறு இறங்கி, நடுவில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏரின்னு சொல்லிடலாம் மாமா."

"ரெண்டு ஆறு உள்ள வருது. வெளிய எதுவும் போகல. மழை பெஞ்சா ஆஸ்பத்திரி முழுகிடும்."

"பெய்யாது மாமா. இது பிளாஸ்டிக்."

"நான் இருக்கற ஊர்ல அப்படி விட மாட்டேன்."

நூலக அம்மாள் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இது ஒட்டலையே. காலைல பசங்க வந்துடுவாங்க. ஒண்ணை எடுத்துடுங்களேன்" என்றார். அவர் பார்வை ராக்கெட் பக்கம் நின்றது.

வால்வுக்காரர் தன் மலை உச்சியில் கையை வைத்தார். பிறகு, "என் மலையை இடிச்சிடறேன். அந்த இடத்துல கடலை விட்டுடலாம்" என்றார். 'என்' என்ற சொல் அந்தக் குடும்பத்தில் வெகுகாலம் கழித்துப் புழக்கத்துக்கு வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"அதெல்லாம் வேணாம். சுரங்கம் வேற வெச்சிருக்கீங்க. நான் இடிக்கறேன்."

"உன் கோட்டை மேல இருக்கே?"

"கோட்டையைக் கீழ இறக்கிக்கறேன். தரையில கோட்டை இருந்ததே இல்லையா?"

"வயசுல பெரியவன் நான். நான்தான் இடிப்பேன்."

"அக்கா, நீயே சொல்லு இவருக்கு!"

"யாராவது ஒருத்தர் இடிச்சுத் தொலைங்க," என்றார் அக்கா. "எனக்குக் கால் மரத்துப் போச்சு."

முதுகுப்பக்கம் இருந்து பிரித்தால் சுரங்கத்தின் வாயைக் காப்பாற்றலாம் என்று மேசை நடுவில் நின்ற வால்வுக்காரர் தன் பலகையை இழுத்து, மலை தன்னிடம் வரும்படி அரைவட்டமாகத் திருப்பினார். அவர் முந்திக்கொள்ளக் கூடாது என்று மைத்துனரும் தன் பலகையைத் திருப்பினார். இருவரும் ஆளுக்கொரு கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள்.

"நிறுத்துங்க," என்றார் நூலக அம்மாள். "இப்படியே விடுங்க."

இரண்டு மலைகளும் மேசை நடுவில் முதுகோடு முதுகு நின்றிருந்தன. ஆறுகள் ஆளுக்கொரு திசையில் இறங்கி, மேசையின் இரண்டு விளிம்பையும் நோக்கி ஓடின.

வால்வுக்காரர் குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் பார்த்தார். முட்டல் இல்லை, தேக்கம் இல்லை. "ஓடும்," என்றார். பிடுங்கிய கட்டைகளைத் திரும்ப வைத்துப் பலகைகளை நெருக்கினார்கள். சாம்பலும் பழுப்பும் சேரும் கோடு அசிங்கமாகத் தெரிந்தது. அதன்மேல் வரிசையாக மரங்களை நட்டார்கள். பழுப்பு மலை சற்று உயரம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கடலுக்கு மேசையில் இடம் போதவில்லை. நூலக அம்மாள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிப் பக்க விளிம்பை ஒட்டிப் போட்டார். மைத்துனர் அதன்மேல் கப்பலை வைத்தார்.

மறுநாள் வால்வுக்காரர் வேலையிலிருந்து நேராக நூலகத்துக்குப் போனார். பத்திரிகை ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ராக்கெட்டைச் சுற்றித்தான் மொய்த்தார்கள். அது அவர் எதிர்பார்த்ததுதான். ஒரு சிறுமி மட்டும் சுரங்கத்துக்கு முன்னால் நின்றாள். உள்ளே பாதி போயிருந்த ரயிலைப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், கோட்டைக்குக் கீழே மலையடிவாரம் முழுக்கத் தேடினாள். அங்கே எதுவும் வெளியே வரவில்லை. திரும்ப வந்து சுரங்க வாயில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். அவளுடைய அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் அசையவில்லை.

வீட்டில் மனைவி கேட்டார். "என்னங்க, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

"நல்லா இருக்குன்னுகூடவா?"

"ஒரு பொண்ணு பார்த்துச்சு."

"பார்த்துட்டு?"

அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "போய்ச் சுத்திட்டு வந்து, மறுபடியும் பார்த்துச்சு," என்றார்.