ரெட்டைக் கம்பியின் வால்

எங்கள் ரிஷ்தான் ஊர்ப் பீங்கான் தட்டுத் தொழிற்சாலையில் சூடு அளப்பது என்றாலே சனோபர் ஓபாதான். மூத்தவள் என்பதால் ஓபா, அதாவது அக்கா. பாதி பயத்திலும் ஓபா. வாய் அப்படி!

சூடு அளக்கும் சென்சாரைத் தேர்ந்தெடுப்பது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. "முதல்ல எவ்வளவு சூடு தாங்குவான்னு கேளு. அப்புறம் குணம். சம்பளமெல்லாம் கடைசி." தட்டு உலர்த்தும் அறைக்குப் பிளாட்டினக் கம்பி போட்டிருந்தாள். சூடு ஏற ஏற மின்சாரத்துக்குத் தடையும் கூடும். அதை வைத்துக் கால் டிகிரிகூடத் தப்பாமல் சொல்லும். ஆனால் மென்மையான சாதி, சூளைக்கு ஆகாது. சூளைக்கு ரெட்டைக் கம்பி, அதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகம், நுனியில் ஒட்டு. நுனி சூடானால் துளியூண்டு மின்னழுத்தம் பிறக்கும். முரட்டுப் பயல், ஆயிரம் டிகிரிக்கும் அசரமாட்டான்.

பழையதை எடுத்துவிட்டுப் புது தெர்மோகப்பிள் போட்டாள், வந்தது வினை. அடுத்தடுத்து இரண்டு சூளை லாகன், அதான் பெரிய சோற்றுத் தட்டுகள், மெருகு வழிந்து சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டன. அடுக்கியவன் நான், உளியால் பெயர்த்தவனும் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீட்டரோ சமர்த்தாகச் சரியான சூட்டையே காட்டியது. சூளைக்காரர் ஹைதர்அலி, நாங்கள் உஸ்தோ என்று கூப்பிடும் ஆசான், குதித்தார்: "பொய் சொல்ற கம்பியை வாங்கிட்டு வந்திருக்கா!" மூன்றாவது சூளையும் போனால் சனோபருக்குக் கிடங்கு வேலைதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பெட்டி அடுக்கும் வேலை! அவள் முகம் செத்துப்போனது.

மூன்றாவது சூளையன்று அவள் மீட்டரை விட்டு நகரவில்லை. தேநீர் நேரம். திடீரென்று எண் இறங்க ஆரம்பித்தது. மீட்டர் சொல்படி எரிவாயு தானாகக் கூடியது.

"ஐயோ, சூளை ஆறுது ஓபா!"

"எங்கே ஆறுது? உள்ளே பார், நெருப்பு வெள்ளையா எரியுது!"

எரிவாயுவைக் கையாலேயே குறைத்துவிட்டுச் சூளைச் சுவர்ப்பக்கம் ஓடினாள். நானும் பின்னாலேயே. தெர்மோகப்பிள் வெளியே வருமிடத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதன்மேல் ஆவி பறக்க ஒரு தேநீர்க் கெண்டி.

"உஸ்தோ! இது யாரோடது?"

"என்னோடதுதான். புதுப் பெட்டி நல்லா தட்டையா, வெதுவெதுன்னு இருக்கு. ஆறாம இருக்கட்டுமேன்னு தினமும் இங்கதான் வெக்கிறேன்."

ஓபா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அட கடவுளே! இந்தக் கம்பி சூட்டையா சொல்லுது? உள்ளே இருக்கிற நுனிக்கும் வெளியே இருக்கிற வாலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லுது. அதுக்குன்னு உள்ள வயர் பத்தாம, பெட்டியிலிருந்து மீட்டர் வரைக்கும் சாதா செம்பு வயர் இழுத்தேன். மீட்டர்ல இருக்க வேண்டிய வால் இந்தப் பெட்டியிலயே நின்னுடுச்சு. அந்த வால்மேல நீங்க கெண்டியை ஏத்திட்டீங்க! வால் சுட்டா வித்தியாசம் குறையும். மீட்டர் கம்மியாக் காட்டும், சூளை இன்னும் எரியும்."

கெண்டியைத் தூக்கினோம். பெட்டி ஆற ஆற எண் மேலேறி நின்றது.

மறுநாள் சூளையைத் திறந்தால், தட்டெல்லாம் சொட்டு வழியாமல் நீலமாக நின்றன. சந்தோஷத்தில் ஒன்றை எடுத்து முத்தமே கொடுத்துவிட்டேன். மேலாளர் வந்தார். "இத்தனை நாள் யார் தப்பு?"

"கெண்டி என்னோடது," என்றார் உஸ்தோ.

"வயர் என்னோடது," என்றாள் ஓபா.

"அப்ப ரெண்டு பேரும் கிடங்குக்கா?"

"சூளையை யார் பாக்கிறது, நீங்களா?" வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டுவிட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரியான வயர் வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

உஸ்தோ கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "சனோபர், இதுக்கும் ஒரு சென்சார் போட்டுக் குடேன்."

"எதுக்கு உஸ்தோ? உங்க நாக்கு இருக்கே. இத்தனை வருஷமா கொதிக்குது, இன்னும் கெட்டுப்போகலையே!"