என் கமிட்டுக்குக் கீழே எழுதியிருந்தது

என் பெயருக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாமல் யாராவது எதையாவது எழுதினால் எனக்கு ஆகாது. பிறவிக் குணம் என்று வீட்டில் சொல்வார்கள். பிறவிக் குணமும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரட்டில் பிடித்த குணம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பிரிவதற்காக வந்து வரிசையில் நிற்கிற இடம்தான் பெரட்டு. அங்கே வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சட்டைப் பையில் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருப்பார். யாரைப் பார்த்துவிட்டு அதில் எழுதுகிறாரோ, அந்த ஆள் அன்றைக்கு முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன எழுதினீர்கள் என்று கேட்க முடியாது. அந்த மாதக் கடைசியில்தான் தெரியும், அம்மாவுக்கு ஒரு நாள் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான், விழுந்திருக்கிறது என்று. "நான் எங்கடி பிந்திப் போனேன்?" என்று அம்மா என்னிடம் சண்டைக்கு வருவார், நான் என்னவோ கண்டாக்கு மாதிரி.

ஆகவே ஹட்டனில் நான் வேலை செய்கிற அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு கண்டாக்கின் மகன் என்று தெரிந்த அன்றே என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் அவருக்கு. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். கூப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. அலுவலகம் ஒரு புடவைக் கடையின் மாடியில். நாங்கள் இரண்டு பேர், எங்களுக்கு மேலே சேர். சேர் சிங்களவர், நல்ல மனிதர். தமிழ் கொஞ்சம் விளங்கும், வாசிக்கத் தெரியாது.

எங்கள் வேலை இதுதான். சில தோட்டங்களில் மழையை அளக்கிற கருவி வைத்திருக்கிறார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் எங்கள் புரோகிராம் சரிவுக்குக் கீழே இருக்கிற லயங்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், போன்களுக்குத் தானாக அடித்து, பதிவுசெய்த குரலில் வெளியேறச் சொல்லும். போன் அடிக்கிற பகுதியை எழுதுவது நான், சோதித்துப் பார்ப்பது அவர். நான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் அம்மா தனியாக இருக்கிறார். அந்த லயத்தின் முதுகுக்குப் பின்னால் மண்மேடு. மேட்டில் வெடிப்பு. அளந்து பார்க்க வந்தவர்கள் ஒரு சிவப்புப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். ஹட்டனில் என் அறைக்கு வந்துவிடுங்கள் என்று அம்மாவிடம் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். "அந்த ஒரு ரூமுக்குள்ள உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு கெடக்கவா?" என்பார். ஆகவே மழைக்கு அம்மாவை வெளியே எடுக்க இருந்தது என் புரோகிராம் ஒன்றுதான்.

அதில் நான் ஒரு காரியம் செய்தேன். லயத்தில் வளர்ந்தவளுக்குத்தான் அந்த யோசனை வரும். லயம் என்பது ஒட்டு ஒட்டாகப் பத்துக் காம்பரா, நடுவில் ஒரு பலகையோ அரைச் சுவரோ. முதல் காம்பராவில் தேங்காய் துருவினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். ஒருவருக்குச் செய்தி சொன்னால் பத்துக் குடும்பத்துக்கும் சொன்ன மாதிரிதான். பிறகு எதற்குப் பத்துப் போனுக்கும் அடித்து நேரத்தை வீணாக்க வேண்டும்? ஒரு லயத்தில் ஒருவர் போனை எடுத்துவிட்டால் மற்றவர்களை விட்டுவிட்டு அடுத்த லயத்துக்குப் போ என்று மாற்றினேன். அந்த மாற்றத்தை கமிட் செய்து அனுப்பினேன். சேர் பார்த்துவிட்டு "ஷோக்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து மேசையிலிருந்து மெதுவாக ஒரு குரல். "தங்கச்சி, அந்த ஒருத்தர் எடுத்தா நிப்பாட்டுறது இருக்குல்ல, அது மேல் லயத்துக்கு சரி வருமான்னு பாத்தீங்களா?"

பட்டியலில் அத்தனை லயம் இருக்கும்போது இவர் கண்ணுக்கு எங்கள் லயம்தானா அகப்பட்டது? எனக்குச் சுருக்கென்று ஏறியது. "லயத்தப் பத்தி நீங்க எனக்கு சொல்லித் தரப் போறீங்களா அண்ணே? நீங்க குவாட்டர்ஸ்ல வளந்தவங்க. நான் லயத்துலயே பொறந்தவ. உங்க வேலைய பாருங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒரு வாரம் கழித்து சேர் ஏதோ பழைய மாற்றத்தைப் பார்க்கக் கேட்டார். என் லெப்டொப் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் பிளேன்டீ வாங்கக் கீழே போயிருந்தார். அவருடைய லெப்டொப் திறந்தே கிடந்ததால் அதில் மாற்றங்களின் பட்டியலான லாக்கை எடுத்தேன். சேருக்கு வேண்டியதைக் காட்டினேன், சேரும் தன் அறைக்குள் போய்விட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது. என் கமிட்டுக்குக் கீழே, நான் எழுதாத வரிகள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் புரோகிராமில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்கிற ஏற்பாடு சேர்த்து வைக்கும். அதுதான் கமிட். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு, செய்தவர் பெயரும் ஏன் செய்தார் என்கிற ஒரு வரியும் அதில் இருக்கும். அனுப்பிய பிறகு அந்த வரியைத் திருத்தினால் அடையாள எண்ணே மாறிப்போகும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் அதற்குக் கீழே ஒரு நோட்டை ஒட்டி வைக்கலாம். யாருடைய கமிட்டிலும் யாரும் ஒட்டலாம். கமிட் அசையாது, எண்ணும் மாறாது. ஒட்டியவர் தனியாக அனுப்பினால் ஒழிய அந்த நோட் அவருடைய கம்பியூட்டரை விட்டு வெளியே வராது. அதனால்தான் என் லெப்டொப்பில் அது ஒருநாளும் தெரியவில்லை. இப்படி ஒரு வசதியை யார் கண்டுபிடித்தார்களோ, நிச்சயம் ஒரு கண்டாக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் லாக் முழுக்க ஆங்கிலம். அந்த வரிகள் மட்டும் தமிழ். "மறுபடி மேல் லயம் விடுபட்டுச்சு" என்று ஒன்று. அதற்கு முந்திய கமிட்டில், "இன்னைக்கும் மேல் லயம். சேருக்கு சொல்லல. தங்கச்சிக்கும் சொல்லல." அதற்குக் கீழேயும் ஏதோ நீளமாக இருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூடிவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். பிளேன்டீ வந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை.

இந்த மழைக்காலம் முடிந்ததும் எங்களில் ஒருவரைக் கண்டியில் வேறு வேலைக்கு அனுப்பப் போவதாக சேர் சொல்லியிருந்தார். எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் பிழைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கிறார், நேரம் வரும்போது மொத்தமாக சேர் முன்னால் கொட்டுவார், என்னைக் கண்டிக்கு ஏற்றிவிடுவார். நான் போய்விட்டால் மேல் லயத்தை யார் பார்ப்பது? சேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, சேருக்குக் காட்டுவதற்கு எழுதுகிறவர் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. விடுபட்டது என்று எழுதியிருக்கிறாரே, உண்மையிலேயே விடுபடுகிறதா என்று சோதித்தாவது பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் என் திரையில் மேல் லயத்துக்கு நேரே, போனை எடுத்துவிட்டார்கள் என்கிற பச்சை டிக் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அதன் பிறகு அவர் தும்மினால்கூட எனக்குச் சந்தேகம். படிக்கட்டில் நின்று போன் பேசுவார், நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போவேன். பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், பார்சலைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, உங்க அம்மா எந்தக் காம்பராவுல இருக்காங்க?"

"எதுக்கு?"

"சும்மாதான். தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

சும்மாவாம். தோட்டத்தில் உத்தியோகத்தர் வீட்டு ஆள் ஒருவர் உன் வீடு எது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அது தானாகவே வரும். "கீழ் லயம், மூணாவது காம்பரா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பருப்பைப் பிசைய ஆரம்பித்தார்.

மழை ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பிடித்தது. ஹட்டனிலேயே எதிர்க் கடையின் பெயர்ப் பலகை தெரியவில்லை. இரண்டரை மணிக்கு எங்கள் தோட்டத்துக் கருவி அளவைத் தாண்டியது. புரோகிராம் அடிக்கத் தொடங்கியது. கீழ் லயம், டிக். மேல் லயம், ஒரே நிமிஷத்தில் டிக். எனக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் அம்மாவுக்கு நானும் ஒரு கோல் எடுத்தேன். போன் ஓஃப். காலையிலிருந்து அங்கே கரண்ட் இல்லை, சார்ஜ் தீர்ந்திருக்கும். பரவாயில்லை, லயத்தில் யாரோ எடுத்திருக்கிறார்கள், சத்தம் போட்டுச் சொல்லியிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பக்கத்து மேசையில் அவர் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கைப் போனில் நம்பர் அடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? சேருக்குத்தான் எடுக்கிறார் என்று போனது.

"அக்கா, நான்தான், ஹட்டன்ல இருந்து. பிள்ளைக் காம்பராவுலதானே இருக்கீங்க? புள்ளைங்கள ஆயா ஒருத்தர்கிட்ட விட்டுட்டு நீங்க மேல் லயத்துக்கு ஓடுங்க. ஒவ்வொரு கதவா தட்டுங்க. மொதல்ல கடைசிக் காம்பரா. இல்லக்கா, யாருக்கும் கோல் வந்திருக்காது. டிக்க நம்பாதீங்க. ஓடுங்க."

என் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "டிக் விழுந்திருக்கே அண்ணே" என்றேன்.

"எடுத்தது கொழும்புல தங்கச்சி. மேல் லயத்துல பாதிப் பேரு புள்ளைங்க நம்பரத்தான் குடுத்திருக்காங்க. யாரோ ஒரு பையன் கடையில நின்னு எடுத்து வச்சிட்டான்."

எங்கள் லயத்தில் அது எனக்குத் தெரியாதா? எந்தப் படிவம் வந்தாலும் எங்கள் ஆட்கள் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையின் நம்பரைத்தான் எழுதுவார்கள், அதுதான் எப்போதும் வேலை செய்யும் என்று. அம்மாவே என் நம்பரைத்தான் எல்லாவற்றுக்கும் கொடுப்பார். ஒருவர் எடுத்தால் லயமே கேட்கும் என்று எழுதினேனே, எடுக்கிற ஆள் லயத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றரைக்கு அந்த அக்காவே கோல் எடுத்து என்னிடம் பேசினார். பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், வேலை செய்கிறவர். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள் என்றார். உங்க அம்மா கோழியைப் பிடித்துக்கொண்டுதான் வருவேன் என்று நின்றார், நான் ரெண்டு ஏச்சு ஏசிக் கூட்டி வந்தேன் என்றார். நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேடு இறங்கியது. கடைசி இரண்டு காம்பராவிலும் ஜன்னல் மட்டத்துக்கு மண். உள்ளே ஆள் இல்லை.

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "எழுதி எழுதி வச்சீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கண்டாக்கு புத்தகம் மாதிரி ஒளிச்சு வச்சு எழுதுறீங்களே" என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "ஒரு தரம் சொன்னேன்ல தங்கச்சி. அன்னைக்கு நீங்க என்னா சொன்னீங்க?" என்றார். பிறகு, "ஆனா சொல்லித்தான் இருக்கணும். தப்புதான். நீங்க ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் அந்த நோட்டுகளை எல்லாருக்கும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். என் லெப்டொப்பில் இறக்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். என்னைப் பற்றி ஒரு குறை கிடையாது. எந்த நம்பர் கொழும்பில் அடிக்கிறது, யார் தெரியாத நம்பரை எடுக்க மாட்டார், அவருக்குப் பதிலாக யாருக்கு அடிக்க வேண்டும் என்று, ஒவ்வொரு சோதனைக்கும் படிக்கட்டில் நின்று விசாரித்து எழுதியிருக்கிறார். நான் பொய் சொன்ன நாளின் நோட் அந்த ஒருவர்-எடுத்தால்-போதும் கமிட்டிலேயே கடைசியாக இருந்தது.

"தங்கச்சி அம்மா கீழ் லயம், மூணாவது காம்பரான்னு சொல்றாங்க. பிள்ளைக் காம்பரா அக்காகிட்ட கேட்டேன், அங்க அப்படி யாரும் இல்ல, அம்மா மேல் லயம், கடைசிக் காம்பராவாம். என்கிட்ட சொல்ல இஷ்டம் இல்ல போல. திருப்பிக் கேக்க வேணாம். மழை வந்தா மேல் லயத்துல ஒரு கதவு விடாம தட்டச் சொல்லணும்."

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. நான் சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் அந்த மனிதர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பைப் பிசைந்திருக்கிறார்.

அதே நோட்டுக்குக் கீழே நானும் ஒரு வரி சேர்த்தேன். "அது பொய். அம்மா மேல் லயம், கடைசிக் காம்பராவில் இருந்தார்." எழுதி அனுப்பினேன். பக்கத்து மேசையில் அவர் அதை இறக்கி வாசித்தது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு அறை, கதவிலிருந்து மூன்றாவது பாய் என்றேன். அம்மா போனை எடுக்க மாட்டார், பக்கத்துப் பாயில் இருக்கிற அத்தை எடுப்பார் என்று அவருடைய நம்பரையும் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதை எழுதிக்கொண்டார்.