நாகேஸ்வரியின் முகமும் கிளடிஸின் குரலும்

நாகேஸ்வரி அழவில்லை. 1985 மாசி மாதத்தில் கனடாவின் பார்க்டேல் தமிழரிடையே இதைவிடப் பெரிய செய்தி இருக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து மாமியின் கடிதம் வந்திருந்தது. வேலைக்குப் போன அவள் புருசன் பாக்கியராசாவைத் தெருவில் வைத்துச் சுட்டு, எரித்தும் விட்டார்கள். வீட்டுக்குத் தர ஒன்றும் மிஞ்சவில்லை. கடிதத்தை உரத்து வாசித்தது பாக்கியராசாவின் அக்கா கனகாம்பிகை. புருசன் பின்னால் வருவான் என்று சொல்லி முதலில் வந்த நாகேஸ்வரி, அந்த மச்சாளின் அப்பார்ட்மென்டில்தான் தங்கியிருந்தாள். வாசித்து முடித்த கனகாம்பிகை தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நாகேஸ்வரி போய்க் கஞ்சியை வடித்து, பானையை மூடிவிட்டு வந்தாள்.

அந்தச் சோற்றுப் பானையைச் சனம் விடவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, ஊர் வழக்கப்படி கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி சொல்ல மற்றவள் எடுத்துச் சொல்லவேண்டும். கனகாம்பிகை எடுத்துச் சொன்னாள். நாகேஸ்வரியோ வந்தவர்களின் முதுகைத் தடவிவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். பெண்சாதியே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த செத்தவீட்டை அவர்கள் அதுவரை கண்டதில்லை. கனடாவில் எத்தனையோ புதினத்தைக் கண்டவர்கள், இதை மட்டும் மறக்கமாட்டோம் என்று நின்றார்கள்.

அவளுக்கு உள்ளே என்ன இருந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். துக்கம் வரும் வரும் என்று பஸ் தரிப்பில் நிற்பவள்போல நின்றாள். வரவில்லை. தனக்கு ஏதோ கோளாறு, மனிசத்தனம் கழன்று விழுந்துவிட்டது என்று பயந்தாள். அந்தப் பயமும் ஒரு கிழமையில் மரத்துப்போனது.

மாமி ஒவ்வொரு கடிதத்திலும் "நாகேஸ் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டிருந்தார். மருமகள் அழுதாளா என்று தாய் விசாரிப்பதாகவே கனகாம்பிகை அதை எடுத்தாள். சித்திரை மாதம் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"என்ர தம்பி உனக்கு ஆரடி? நாய் செத்தாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரும்."

நாகேஸ்வரி இரண்டு பைகளோடு டண்டாஸ் வீதிப் பஸ் ஏறினாள்.

டண்டாஸ் மேற்கில் ரயில் பாதைகள் கூடும் இடத்துக்கு ஜங்ஷன் என்று பெயர். அங்கே மால்ட்டாக்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். மால்ட்டா என்பது இத்தாலிக்குக் கீழே கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவு. அந்தத் தீவில் பிறந்த கிளடிஸ் என்ற அறுபது வயதுக்காரி ஒரு பேக்கரி வைத்திருந்தாள். மடிப்பு மடிப்பான மாவுக்குள் பட்டாணி வைத்துச் சுடும் வேலைக்கு நாகேஸ்வரியை எடுத்து, மேல்மாடியில் அறையும் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆளுக்கு அரைவாசி ஆங்கிலம்.

கிளடிஸுக்குப் பேச இரண்டு விசயம்தான் இருந்தது. ஒன்று அவளுடைய முழங்கால் நோ, மற்றது சினிமா. அவர்களுடைய தீவில் கடலோரமாக ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்களாம். அதில் நிறைத்த தண்ணீரும் பின்னாலிருக்கும் கடலும் கமெராவுக்கு ஒன்றாகத் தெரியும். வெளிநாட்டுக்காரர் வந்து பொம்மைக் கப்பல்களை அதில் தாழ்த்திவிட்டுப் போவார்கள். படம் வந்தால் ஊருக்கே கொண்டாட்டம். காலையில் ரோமச் சிப்பாயாக நின்றவன் பின்னேரம் துருக்கிக் கொள்ளைக்காரனாக நிற்பான். படம் வராத வருடங்களில் தொட்டி காய்ந்து, நாய்கள் படுத்துக் கிடக்கும், ஊரும் அப்படியே கிடக்கும். தீவு கிரேக்கமாக நடித்தது, எகிப்தாக நடித்தது. மால்ட்டாவாக நடிக்க மட்டும் அதை ஒருவரும் கேட்கவில்லை என்பாள் கிளடிஸ்.

ஒரேயொரு படத்தில் அவளுக்குப் பேச ஒரு வசனம் கிடைத்தது. ஊரே கோயில் உடுப்போடு தலைநகரத் தியேட்டருக்குப் போனது. திரையில் கிளடிஸ் வாயைத் திறந்தாள். வேறு யாரோ ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா என் காதுக்குள் கேட்டாள், அன்றைக்கு உனக்குத் தடிமன் பிடித்துக் குரல் கட்டியிருந்ததா என்று." இதைச் சொல்லி கிளடிஸ் விழுந்து விழுந்து சிரிப்பாள். நாகேஸ்வரி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

கிளடிஸின் தம்பி கஸ்பர், தீவில் அந்தத் தொட்டிக்கு லைற் பிடித்தவன். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் மாடு உரித்தான். மால்ட்டா மால்ட்டாவாகவே வரும் ஒரு படத்தை எடுக்காமல் சாவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றான். 1986 கோடையில் பழைய கமெரா ஒன்று கைக்கு வந்தது. அது படம் பிடிக்கும், சத்தம் பிடிக்காது. பேக்கரியின் பின்சுவருக்கு மஞ்சள் பூசினான், அது தீவின் கல்வீடானது. உலக யுத்தகாலக் கதை. குண்டு விழுந்து செத்த துறைமுகத் தொழிலாளியின் மேல் அவன் பெண்சாதி விழுந்து அழவேண்டும்.

மால்ட்டாக்காரர் சங்கத்துப் பெண்களையெல்லாம் கஸ்பர் பார்த்தான். எல்லோரும் தலைமயிர் சுருட்டி, கனடாச் சாப்பாட்டில் நன்றாகத் தேறியிருந்தார்கள். பஞ்சகாலத்து முகம் ஒன்றுதான் அகப்பட்டது. கறுப்புச் சால்வையை நாகேஸ்வரியின் தலையில் போட்டுவிட்டு, "அச்சு என் அம்மாதான்" என்றான்.

"நான் உங்கட ஆள் இல்லையே?"

"எங்களை எல்லாரும் எல்லாமும் ஆக்கினார்கள். நீ ஒருநாள் நாங்களாக இரு."

நாகேஸ்வரி சம்மதித்தாள். வேலை கொடுத்தவளின் தம்பி என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நடிப்புக்கென்றாவது அழத் தொடங்கினால் நிசமானதும் பின்னால் வந்துவிடும் என்று நம்பினாள். இரண்டு நாளாக அந்த நம்பிக்கையோடுதான் மாவு குழைத்தாள்.

பிணமாகப் படுத்தவன் கஸ்பரின் கூட்டாளி றொபேட். எறும்பு கடித்து இரண்டு தரம் எழும்பினான். நாகேஸ்வரி அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்து, துணி மூடிய நெஞ்சைப் பார்த்தாள். பாக்கியராசாவை நினைத்துப் பார்த்தாள். அவன் சேட்டுப் பொத்தான் பூட்டும் விதம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். கிளடிஸ் வெங்காயம் கொண்டுவந்தாள். தினமும் பத்து இறாத்தல் வெங்காயம் வெட்டுகிறவளுக்கு வெங்காயம் என்ன செய்யும்? ஏழாவது தரம் கஸ்பர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தான். பிறகு, "சரி, சும்மா பார். வாயை மட்டும் திற" என்றான். அவள் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு போனான்.

சத்தத்தைப் பிறகு சேர்த்தார்கள். நிலவறைச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, ரேப் ரெக்கோடருக்கு முன்னால் நின்று கிளடிஸ் அழுதாள். மேலே தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நாகேஸ்வரிக்கு நிலத்துப் பலகையூடாக அது கேட்டது. நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வரும் அழுகை. முகம் சிவக்க ஏறி வந்த கிளடிஸ் தண்ணீர் குடித்தாள்.

"மன்னித்துக்கொள். எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்துவிட்டேன்."

பரவாயில்லை என்றாள் நாகேஸ்வரி. கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கூப்பிட்டவுடன் வரும் அழுகை ஒன்று அந்தக் கிழவியிடம் இருக்கிறதே என்று பொறாமை.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், மால்ட்டாக்காரரின் கோயில் மண்டபத்தில் படம் போட்டார்கள். சுவரொட்டியில் நாகேஸ்வரியின் முகம் இருந்தது. பார்க்டேலுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் பிடிக்கும்? படம் தொடங்குமுன் கனகாம்பிகை வந்து நின்றாள்.

"தம்பி செத்து ரெண்டு வருசம் முடியேல்ல. படம் நடிக்கிறியோ நீ? உன்ர கூத்தைக் கண்ணால பாக்கத்தான் வந்தனான்."

"இருங்க மச்சாள்," என்று நாகேஸ்வரி கதிரையைக் காட்டினாள்.

படம் முக்கால் மணித்தியாலம். குண்டு விழுந்தபோது திரை நடுங்கியது, கஸ்பர் கமெராவை உதைத்திருப்பான். பிறகு அந்த முகம் வந்தது. சுவரளவு பெரிய, ஒன்றுமில்லாத முகம். வாய் திறந்தது. அதிலிருந்து கிளடிஸின் அழுகை வெளியே வந்தது. முன்வரிசைக் கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார்கள். நாகேஸ்வரி தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த அன்றைக்குத் தன் முகமும் குரலும் இப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்று நினைத்தாள்.

கனகாம்பிகை அவள் கையைப் பிடித்தாள். விளக்குப் போட்டபோது மச்சாளின் மேற்சட்டைக் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது.

"இவ்வளவையும் எங்கயடி வச்சிருந்தனி? நான் பாவி, உன்னைக் கல்லெண்டு சொல்லிப்போட்டன்."

அது கிளடிஸ் என்று சொல்லவேண்டும். ஒரு வசனம்தான். நாக்கு நுனிவரை வந்தது.

"அம்மா இதைப் பாக்கோணும் நாகேஸ். என்ர தம்பிக்காக ஒருத்தி அழுதாள் எண்டு அவ அறியட்டும். ஒரு கொப்பி எடுக்கேலுமோ?"

"ஓம் மச்சாள். கேட்டுப் பாக்கிறன்."

ஊர் வீடியோ டெக்கில் ஓடக்கூடியதாக மாற்றிக் கஸ்பர் ஒரு கசெற் செய்து கொடுத்தான். கொழும்புக்குப் போன ஒருவரின் பையில் அது போனது. கனகாம்பிகை ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்போடு ஜங்ஷனுக்கு வரத் தொடங்கினாள். பார்க்டேல் பெண்களும் முகம் பார்த்துச் சிரித்தார்கள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லித் தின்கிறோம் என்று நாகேஸ்வரிக்குத் தெரிந்தது. விறைத்த விரலில் ஊசி ஏறினால் ஏறினது தெரியும், நோ தெரியாது. அப்படித்தான் அந்த வெட்கமும் இருந்தது.

அடுத்த ஆடி மாதம் மாமியின் கடிதம் வந்தது. இந்தமுறை மகளுக்கல்ல, மருமகளுக்கு, பேக்கரி விலாசத்துக்கு. கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள்.

"மகள் நாகேஸுக்கு. கசெற் கிடைச்சிது. டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குக் கொண்டுவந்து போட்டவங்கள். ஒழுங்கைச் சனமெல்லாம் வந்து பாத்து அழுதிச்சு. அது உன்ர சத்தமில்லை மகள். பக்கத்து வளவில நீங்க குடியிருந்த ஆறு வருசமும் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டனான், எனக்குத் தெரியாதோ? எல்லாரும் போனாப்போல சத்தத்தைக் குறைச்சிப்போட்டுத் திருப்பி ஓடவிடச் சொன்னன். உன்ர முகத்தைப் பாத்துக்கொண்டே இருந்தன். எனக்கும் இன்னும் அழுகை வரல்ல. பிள்ளைட உடம்பைக் காணாம எப்படி அழுறது? சனத்துக்காகச் சீலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு இருக்கிறன். எனக்குத்தான் ஏதோ பிசகு எண்டு நினைச்சிருந்தன். ஒவ்வொரு கடிதத்திலயும் உன்னைப் பற்றிக் கேட்டது அதுக்குத்தான்."

நாகேஸ்வரி அதை இரண்டு தரம் வாசித்தாள். கிளடிஸிடம் ஒரு தாள் வாங்கி, மாவு கிடந்த மேசையைத் துடைத்து, மாமிக்கு மறுமொழி எழுத இருந்தாள்.

"மாமி, எனக்கும் வரல்ல," என்று எழுதினாள்.

அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஒற்றை வரியை மடித்து உறைக்குள் வைத்தாள்.