நடிகர் தாமதமாக வந்த கச்சேரி

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், திருப்பூரில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வுக்காக ஒரு நட்சத்திரக் கச்சேரி நடந்தது. பெரிய நடிகர் பாடுவார் என்று போஸ்டர் ஒட்டியிருந்ததால், பனியன் கம்பெனி ஆட்கள் ஷிப்ட் முடிந்த கையோடு மைதானத்தை நிறைத்துவிட்டார்கள். நடிகரைத்தான் காணோம். "அவர் வர்ற வரைக்கும் சிரிக்க வைங்க" என்று அறிவிப்பாளனான என்னை மேடையில் தள்ளிவிட்டார்கள்.

என் ஜோக்கெல்லாம் தீர்ந்தது. ஒரு நாற்காலி மேடைக்கே பறந்து வந்தது. வேட்டிக்குள் என் கால்கள் எனக்கு முன்பே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டன. பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்: "ஏனுங்க, உங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணி இப்ப என்ன கலருங்க?"

"செவப்புங்க!" என்று ஒரு குரல்.

"எங்குளுது போன வாரம் பச்சைங்க, இப்ப நேவி ப்ளூ. ஆர்டர் மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க!" என்று இன்னொரு குரல்.

மைதானமே சிரித்தது. அப்போது வீரபாண்டியிலிருந்து வந்திருந்த தையல்காரப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"அத்தனையும் சாயப்பட்டறைத் தண்ணிங்க. பனியன் தெச்சுத்தான் சோறு திங்கறோம். ஆனா அந்தத் தண்ணியில சோறாக்க முடியலீங்க. தென்னையெல்லாம் கருகிப்போச்சு."

சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து நடிகரின் கார் வந்தது. தப்பித்தேன் என்று நினைத்து, அவர் வந்துவிட்டதை அறிவிக்கப் போனேன்.

"இருங்க சாமி, அந்தம்மா சொல்லி முடிக்கட்டும்" என்று முன்வரிசைக்காரர் என்னை அடக்கினார்.

இப்படிப்பட்ட கச்சேரிகளால் என்ன பிரயோஜனம் என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த நடிகர் இல்லாவிட்டால் அத்தனை பேர் ஓரிடத்தில் கூடியிருக்க மாட்டார்கள். அவர் சரியான நேரத்துக்கு வந்திருந்தால், வாய் திறந்து பேசியிருக்கவும் மாட்டார்கள்.