ஆகையினாலே, பிரியமானவர்களே

அந்தப் போதகருக்கு ‘வந்துட்டேன் ஐயா’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் கூப்பிட்டாலும், “இதோ வந்துட்டேன்” என்பதைத் தவிர வேறு பதில் அவர் வாயில் வந்ததே இல்லை. புது வீட்டுக்கு ஜெபம் பண்ணணுமா, வந்துட்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டையா, வந்துட்டேன். மகனுக்கு இன்டர்வியூவா, மாமியாருக்கு மூட்டுவலியா, வந்துட்டேன். மனுஷனுக்கு இருப்பது ஒரே ஒரு உடம்பு என்பதைக் கூப்பிட்டவர்களும் மறந்தார்கள், அவரும் மறந்தார்.

ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். மாத்திரை வாங்க வருகிறவர்களிடம், “தூக்கம் வருதா, பசிக்குதா” என்று கதை கேட்டுக்கொண்டு நின்றுவிடுவாராம். பின்னால் நிற்கிற வரிசை கத்துமாம். கடை முதலாளி ஒருநாள் பொறுக்க மாட்டாமல், “நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லப்பா” என்று திட்டினார். நம்ம ஆள் அதைத் தெய்வ அழைப்பு என்று எடுத்துக்கொண்டு, நேரே இறையியல் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். முதலாளி அந்த அர்த்தத்தில் சொல்லவே இல்லை. ஆனால் அந்தத் திட்டு பலித்ததே, அதற்கு என்ன சொல்வது?

மனைவி கணக்கு டீச்சர். சபை வளாகத்துக்குள்ளேயே வீடு. கதவைச் சாத்தினால் ‘ஐயா ஊர்ல இல்லை போல’ என்று பேச்சு கிளம்பும் என்று அவர் சாத்துவதே கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பிசைந்த சோறு கையில் காய்ந்து போகிறவரைக்கும் ஜெபம் பண்ணுவார். “கர்த்தர் பொறுத்துக்குவாருங்க, சோறு பொறுக்காது” என்பாள் டீச்சரம்மா. அவர் கண்ணை மூடியபடியே, சும்மா இரு என்று இடது கையால் சைகை காட்டுவார்.

கொஞ்ச நாளாகவே ஏதோ சரியில்லை. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் கண் சொருகும். படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு அடக்க ஆராதனையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, இறந்தவர் பெயர் சட்டென்று மறந்துபோனது. “நம்முடைய அன்புச் சகோதரர், நம்முடைய அன்புச் சகோதரர்” என்றே கடைசிவரை ஓட்டிவிட்டார். அழுகைக்கு நடுவில் யாருக்கும் தெரியவில்லை. அசதிதான், வேறென்ன, என்று அவரும் விட்டுவிட்டார்.

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைய பிரசங்கத் தலைப்பு என்ன தெரியுமா? இளைப்பாறுதல்! நல்லா இருக்கிறதல்லவா கூத்து! வழக்கம்போல நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் குரலை உயர்த்தி, “ஆகையினாலே, பிரியமானவர்களே...” என்றார்.

அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை.

மறந்த வார்த்தையை நாக்கு தேடும், கிடைக்காது, அது வேறு. இங்கே தேடுவதற்கே எதுவும் இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது தலை. எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், எதிரே இருக்கிற இவர்களெல்லாம் யார் என்று கூட ஒரு கணம் விளங்கவில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது: வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினோமா?

கீழே நடந்ததோ வேறு. போதகர் கண்கலங்கி நிற்கிறார் என்று முன்வரிசையில் ஒருத்தர் தலைகுனிந்தார். அவரைப் பார்த்து இன்னொருத்தர். கீபோர்டுக்காரர், இது ஏதோ விசேஷ நேரம் என்று நினைத்து, மெல்ல ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தார். எங்கோ ஒரு விசும்பல் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக முழங்கால் போட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்ற மனுஷன், கடைசியில் கைக்கு அகப்பட்ட ஒரே வார்த்தையான ‘ஆமென்’ என்பதைச் சொல்லிவிட்டு, தட்டுத்தடுமாறி இறங்கினார்.

வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். “ஐயா, இப்படியொரு ஆராதனையை என் ஆயுசுல பார்த்ததில்லை!” என்று ஒருத்தர் கையைப் பிடித்து விடவே மாட்டேன் என்றார். சபைச் செயலாளர் பம்ப் கடை வைத்திருக்கிறவர், எதையும் லேசில் பாராட்டாதவர். அவரே, “வார்த்தையே இல்லாம ஒரு பிரசங்கம்! எப்படிங்கய்யா தோணுச்சு?” என்றார்.

“இல்லங்க... அது... நான் வந்து...” என்று போதகர் மென்று விழுங்கினார்.

“பாருங்க, இப்பவும் வார்த்தை வரல ஐயாவுக்கு!” என்று செயலாளர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் பூரித்தார்.

வீட்டில் டீச்சரம்மா மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்டாள். “மேல நின்னப்போ என்னாச்சு? மறந்துபோச்சா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. தையல்கார அக்கா. சொத்துத் தகராறில் தங்கையோடு பேச்சுவார்த்தையே அற்றுப்போய், ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்தவள். “ஐயா, நீங்க அப்படிப் பேசாம நின்னீங்க பாருங்க, அப்பதான் உறைச்சுது. நான் பேசாம இருக்கறது என்ன, நீங்க பேசாம இருக்கறது என்னன்னு. நேரா அவ வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதோம்” என்றாள். பல வருஷமாக இவர் மாறி மாறிப் பேசியும் அசையாதவர்கள். போனை வைத்தவருக்கு மனைவி கேட்ட கேள்வி மறந்தே போனது. அவளும் ஒரு பெருமூச்சோடு திருத்த வேண்டிய பேப்பர்களை எடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் அவர் குழம்ப ஆரம்பித்தார். தனக்கு வந்தது வியாதியா, வரமா? வியாதி என்றால் அக்கா தங்கச்சி எப்படி ஒன்று சேர்ந்தார்கள்? வரம் என்றால் ராத்திரியில் ஏன் தூக்கம் வருவதில்லை? கடவுளுக்கு உபயோகப்படுகிறதே என்பதற்காகத் தலையில் இருக்கிற ஓட்டையை அடைக்காமல் விட்டுவிடலாமா? யாரிடம் போய்க் கேட்பது? இந்த மாதிரிச் சந்தேகங்களை ஊரில் எல்லோரும் கொண்டுபோய்க் கேட்கிற ஆள் அவர்தான்!

டாக்டரிடம் போனார். டாக்டரும் அதே சபைதான். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பிரஷர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அதிகமா இருக்கே ஐயா. ஓய்வு வேணும் உங்களுக்கு. தூக்கமெல்லாம் எப்படி?”

“அதைப் பத்தித்தான் டாக்டர் பேசலாம்னு. அன்னைக்கு ஆராதனைல...”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நானே சொல்லணும்னு இருந்தேன் ஐயா. அன்னைக்கு அந்த மௌனத்துல எனக்கு என் பையன் ஞாபகம் வந்துடுச்சு. வீட்டை விட்டுப் போனவன் போன்கூடப் பண்றதில்ல. அவனுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்களேன்.” மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

என்ன செய்வார் பாவம்? கையில் சுற்றிய பட்டையைக் கூட அவிழ்க்காமல் அந்தப் பையனுக்காக உருக்கமாக ஜெபித்தார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பிரஷர் பார்த்தார். முன்பைவிட ஏறியிருந்தது.

அதற்குள் செயலாளர் சபை வாசலில் பேனரே கட்டிவிட்டார்: ‘மௌன ஆராதனை. அனைவரும் வருக.’ வெளியே பந்தல், வாடகை நாற்காலிகள். “மௌனத்துக்கு எதுக்குங்க மைக் செட்டு?” என்று டீச்சரம்மா கேட்டதற்கு, “அம்மா, பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்க வேண்டாமா?” என்றார் செயலாளர். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை போதகர் ஒரு முடிவோடுதான் எழுந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. சொல்லாவிட்டால், தான் சரிந்து விழுகிறவரைக்கும் கைதட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் தையல்கார அக்கா என்ன ஆவாள் என்பதுதான் புரியவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் நிற்க இடமில்லாத கூட்டம். அக்கா தன் தங்கையையும் கூட்டி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“போன வாரம் நான் மௌனமா இருக்கல” என்றார். “பேச வேண்டியது மறந்துபோச்சு.”

“ஆமென்!” என்றது சபை.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு உடம்பு சரியில்ல. ராத்திரியில தூக்கமில்ல. என்னால முடியல.”

“ஆமென்! அல்லேலூயா!” கீபோர்டுக்காரர் மறுபடி சுரத்தைப் பிடித்தார்.

“அதை வாசிக்காதீங்க!” என்று போதகர் கத்திவிட்டார். மைக் வீறிட்டது. “ஆமென் சொல்லாதீங்க! தயவு செஞ்சு சொல்லாதீங்க. நான் தாழ்மையாப் பேசல. எனக்கு முடியலன்னா, முடியல. அவ்வளவுதான்.”

இறங்கிவந்து முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பேனர் கட்டியும் வராத மௌனம் இப்போது வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. செயலாளர் குனிந்து வந்து காதோரம், “ஐயா, ஆசீர்வாதம் கூறலையே. நீங்க கூறாம ஜனங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க?” என்றார். அவருக்கு அவர் கவலை.

தையல்கார அக்கா எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அப்ப அன்னைக்கு நடந்ததெல்லாம் பொய்யாங்கய்யா?”

“தெரியலம்மா.”

“தெரியலன்னா? இதோ இவகிட்ட நான் என்னத்தைச் சொல்றது? ஐயா பேச்சை மறந்துட்டு நின்னாரு, அதுக்குத்தான் நான் உன் வீட்டு வாசல்ல வந்து அழுதேன்னா?”

“எனக்கு நிஜமாவே தெரியலம்மா.”

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அப்போதுதான் அவரைப் பக்கத்தில் பார்த்தாள் போலிருக்கிறது. கருத்துப் போன கண்களையும், முழங்கால் மேல் நடுங்குகிற விரல்களையும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“உங்களுக்கு என்னய்யா செய்யுது?” என்றாள்.

எத்தனையோ கட்டில்களின் ஓரத்தில் நின்று அவர் கேட்ட கேள்வி அது. நெஞ்சு என்பார்கள், முதுகு என்பார்கள், மனசு என்பார்கள். தன்னிடம் ஒருத்தர் கேட்டபோது அவருக்கு எதைச் சொல்வதென்றே தெரியவில்லை. வாய் கோணியது. அத்தனை பேர் முன்னாலும் சின்னப் பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். “ஐயாவுக்கு முடியலடி, தண்ணி கொண்டா” என்று அக்கா தங்கையிடம் சொன்னாள். தங்கை ஓடினாள்.

டீச்சரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளைத் தொட்டாள்.

“எழுந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்.”

“ஜனங்க...” என்றார் அவர், மூக்கை உறிஞ்சியபடி.

“அவங்களுக்கெல்லாம் வீட்டுக்குப் போக வழி தெரியும்ங்க” என்றாள் அவள். “உங்களுக்குத்தான் மறந்துபோச்சு. என் கையைப் பிடிச்சுக்குங்க.”